முசல்லாவில் படுத்துக் கிடந்த மாரி

தமாம்
10.11.1995

அன்புள்ள ஜெமீலா ராத்தாவுக்கு,

ஸலாம் சொல்லிக்கொண்டு உங்கள் தம்பி றஸாக் எழுதுவது. நான் இங்கே நல்ல சுகம். நீங்களும் மகள் நஸ்லியாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. கோபமாகத்தான் இருந்தேன். போன கிழமை நம்மூரிலிருந்து லீவு முடிந்து வந்த ஒருவர் உங்களைப் பற்றிச் சொன்னதும் கோபமெல்லாம் போய்விட்டது. "உன்ட ராத்தாவப் பத்தித்தான் ஊரெல்லாம் கத. இத்தா முடிஞ்சி எட்டு மாசமாகுது, மழ தொடங்கினதும் திரும்ப அந்த அறைக்குள்ள போயிட்டா. வெளியில வாறல்ல. எந்த நேரமும் தொழுற பாயிலதான், முசல்லாவ உட்டு எழும்புறல்ல. சபியா உம்மா ஓத வாற புள்ளையளுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறா, பொம்புள எண்டா ஜெமீலாவப் போல இரிக்கணும் எண்டு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அஸ்கி மச்சான் மௌத்தாகி நீங்கள் தனியானபோது ஊரார் நம்மைப் பார்த்த பார்வை என்ன, இப்போது பார்க்கிற பார்வை என்ன!

நான் சவூதிக்கு வெளிக்கிடும் முன் உங்கள் அறையின் ரோட்டுப்பக்க யன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தேன். புருஷன் மௌத்தாகி இத்தாவில் மறைந்திருக்கிற பெண்ணை ரோட்டால் போகிறவன் பார்க்கக்கூடாது என்றுதான் அடித்தேன். அன்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். இப்போது அதன் நன்மை, அதன் பறக்கத் உங்களுக்கே விளங்கியிருக்கும்.

இங்கே எங்கள் அறையில் பதினொரு பேர். எல்லாருக்கும் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். சமையல் செய்கிற கச்சிமுகம்மது காக்கா நிந்தவூர்க்காரர், அவருடைய மனைவிக்கு வயிற்றில் கட்டி. அவவுக்காக உங்களை அல்லாஹ்விடம் துஆ கேட்கச் சொன்னார். மற்றவர்களின் பெயர்களையும் அவர்களின் உம்மாமாரின் பெயர்களையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவரையும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி றஸாக்


கல்முனைக்குடி
2.12.1995

றஸாக்,

உனக்கும் உன் அறையில் இருக்கிற பதினொரு பேருக்கும் என் ஸலாம். எழுதவில்லை என்று கோபிக்காதே. பேனை இருக்கிறது, தாள் இருக்கிறது, ஆள்தான் இல்லை என்று வைத்துக்கொள்.

மழை பெய்கிறது. நேற்றும் பெய்தது. நாளைக்கும் பெய்யும். வளவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், தவளைகளுக்குக் கொண்டாட்டம். உடுப்புக் காய்வதில்லை. நஸ்லியா ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகிறாள். தலையையும் அவளே வாரிக்கொள்கிறாள். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது அதிகம். அது தெரிந்துகொண்டே அந்தத் தேத்தண்ணியை ஆறவிட்டுக் கிடக்கிறேன்.

கிடக்கிறேன் என்று எழுதிவிட்டேன். இருக்கிறேன் என்று வாசித்துக்கொள்.

உன் ஆணிகள் நன்றாகப் பிடித்திருக்கின்றன, சந்தோஷப்படு. கிழக்குப் பக்கத்தில் எனக்கிருந்தது அந்த ஒரு யன்னல்தான். பகலிலும் விளக்கு வேண்டியிருக்கிறது, ஆனால் நான் கொளுத்துவதில்லை. ஊரில் மதிப்பு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். வந்துதான் இருக்கிறது. பெண்கள் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து ஓதித் தரச் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து ஊதச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு உம்மு தன் மகனுக்குத் தும்மல் வந்தால்கூட இங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். நானும் ஊதி அனுப்புகிறேன். கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும், சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஊதுவது அதைவிட லேசு.

கச்சிமுகம்மது காக்காவிடம் துஆ கேட்டாயிற்று என்று சொல்லிவிடு.

ராத்தா


தமாம்
20.12.1995

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். அல்ஹம்துலில்லாஹ்! கச்சிமுகம்மது காக்காவின் மனைவிக்கு ஒப்பரேஷன் செய்து கட்டியை எடுத்துவிட்டார்கள், பயமில்லை என்று தந்தி வந்திருக்கிறது. உங்கள் துஆதான் என்று அவர் பிள்ளைபோல அழுதார். இப்போது பக்கத்துக் கட்டிடத்து ஆட்களும் என்னிடம் பெயர் தருகிறார்கள். ஒரு முழுத்தாள் நிறைந்துவிட்டது, இதோடு வைத்திருக்கிறேன்.

யன்னலைப் பற்றிக் குத்தலாக எழுதியிருந்தீர்கள். மனம் நொந்துவிட்டது. ஊர் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாதா? பெயர் கெடுவதற்கு ஒரு நாள் போதும். கொஞ்சம் இருட்டென்றால் என்ன, மண்ணுக்குள்ளே கப்றில் இதைவிட இருட்டு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி எழுத அதிகமில்லை. காலையிலிருந்து பின்னேரம் அஸர் வரை சீமெந்து வேலை. வெள்ளிக்கிழமை லீவு, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து படுத்தால் மறுநாள் வேலைக்குத்தான் எழும்புகிறேன். களைப்பு. வேறொன்றுமில்லை.

தம்பி றஸாக்


கல்முனைக்குடி
14.1.1996

றஸாக்,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருந்து வாசி. அறையில் சத்தமாக வாசித்துக் காட்டாதே.

நான் தொழுது நாற்பத்தேழு நாளாகிறது. விலக்கு நாட்களைக் கழித்துச் சொல்கிறேன். முசல்லா விரித்தபடிதான் கிடக்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழும்பி அதில் உட்காருவேன். வந்தவர் போனதும் அதிலேயே சரிந்துவிடுவேன். சபியா உம்மா பார்த்ததெல்லாம் அந்த உட்காருதலைத்தான். உன் தாளில் இருந்த பெயர்களில் ஒன்றுக்குக்கூட நான் துஆ கேட்கவில்லை. கச்சிமுகம்மது காக்காவின் மனைவியைக் காப்பாற்றியது அல்லாஹ்வும் அந்த டொக்டரும்தான். இடையில் நான் இல்லை.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், உம்முவின் மகன். இரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு தூக்கி வந்தாள். "ராத்தா, ஒரு ஊத்து ஊதி உடுங்க" என்றாள். ஊதினேன். திங்கட்கிழமையும் கொண்டுவந்தாள், ஊதினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. வார்த்தை எல்லாம் அடியில் கிடந்து, எடுக்கக் கை எட்டாததுபோல இருந்தது. செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தபோது பிள்ளைக்குக் கண் மேலே செருகியிருந்தது. அவள் அழவில்லை, றஸாக். என்னிடம் வந்துவிட்டாளாம், இனிப் பயமில்லையாம்.

"உம்மு, எனக்கிட்ட ஒண்டுமில்ல. நான் தொழுறதே இல்ல. பாயில படுத்துக் கிடக்கன், அவ்வளவுதான். புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"என்ன ராத்தா இது, விளையாடாதீங்க. ஊதுங்க."

மூன்று முறை சொன்னேன், நம்பவில்லை. கடைசியில் பிள்ளையை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டு நானே வெளிக்கிட்டேன். இரண்டரை மாதத்துக்குப் பிறகு படி இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் அவள் என் பின்னால் திட்டிக்கொண்டே ஓடி வந்தாள். சந்தியில் ஒரு வேன்காரர் ஏற்றினார். மூளைக்காய்ச்சல் என்றார்கள். இன்னும் வாட்டில்தான் இருக்கிறான். உயிருக்குப் பயமில்லை, ஆனால் வலது கால் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாதாம். இரண்டு நாள் முந்தி வந்திருக்கலாமே என்று அங்கிருந்த பெண் டொக்டர் கேட்டா. உம்மு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

பிறகு அந்த டொக்டர் என்னைக் கூப்பிட்டா. வெளியூர்ப் பிள்ளை, என்னைவிட வயது குறைவாக இருக்கும். "உங்களுக்கு என்னம்மா? கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள்?" என்று கேட்டா. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஏன் என்று தெரியவில்லை. மௌத்தாகிவிட்டால் நல்லது என்று நினைத்த நாட்களையும், நஸ்லியா பள்ளிக்கூடத்தால் வரும் சத்தம் கேட்டு அந்த நினைப்பை விட்டதையும்கூடச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இது ஒவ்வொரு வருஷமும் எந்த மாதத்தில் தொடங்கும்?" என்றா. இந்த ஊரில் ஜின் என்றார்கள், கண்ணூறு என்றார்கள், செய்வினை என்றார்கள், புருஷன் போன துக்கம் என்றார்கள். யார் செய்தது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். எந்த மாதம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒருவருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. கலியாணம் முடித்த முதல் மாரி மழையிலேயே கண்டுபிடித்துவிட்டார். வானம் கொஞ்சம் வெளித்தால் போதும், சைக்கிள் கடையைப் பூட்டிப்போட்டு வீட்டுக்கு வருவார். "ஜெமீலா, வெயில் வந்திரிக்கி, எழும்பு எழும்பு" என்று பின்னால் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டு போய் இருத்துவார். நான் கதைக்காவிட்டாலும் தான் கதைத்துக்கொண்டிருப்பார். சூடை மீன் வாங்கி ஆணம் காய்ச்சி, சாப்பிடும் வரைக்கும் முன்னால் குந்தியிருப்பார். அஸ்கி பெண்டாட்டியைக் காயப்போடுகிறான், கருவாட்டு யாவாரம் தொடங்கப் போறானாம் என்று ஊர் சிரித்தது. அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. மாசி பிறந்தால் நான் தானாக எழும்பிவிடுவேன். பத்து வருஷம் இப்படித்தான் போனது.

அவர் மாரி தொடங்கும்போது மௌத்தானார். இத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அது கடமை, நாலு மாதமும் பத்து நாளும், சந்தோஷமாக இருந்து முடித்தேன். ஆனால் இத்தா இருக்கிறவள் மேல் வெளிச்சம் படக்கூடாது என்று எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லை. அது நீ அடித்த ஆணி. இத்தா முடிந்தும் என்னை ஒருவரும் எழுப்பவில்லை. இந்த மாரியிலும் எழுப்பவில்லை. படுத்துக் கிடக்கிறவளை எழுப்பலாம், தொழுது இபாதத்தில் இருக்கிறவளை யார் எழுப்புவார்கள்?

எட்டு நாளில் நோன்பு வருகிறது. நோன்பு இரவுகளில் பெண்களுக்கு நான்தான் தறாவீஹ் தொழுவிக்க வேண்டும் என்று சபியா உம்மா சொல்லியிருந்தா. நேற்று அவவுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ராத்தா


தமாம்
9.2.1996

ராத்தாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நோன்போடு வாசித்தேன். வாசித்துவிட்டு அன்று நோன்பு திறக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் சொன்னீர்கள், சரி. உம்முவிடம் சொல்லத்தான் வேண்டும், அதையும் விளங்கிக்கொள்கிறேன். சபியா உம்மாவிடம் ஏன் சொன்னீர்கள்? சுகமில்லை, தறாவீஹுக்கு வர முடியாது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே. நான் இங்கே எந்த முகத்தோடு திரிவது? கச்சிமுகம்மது காக்கா விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு முதல் கரண்டி போடுகிறார், உங்கள் பெயரைச் சொல்லித்தான் போடுகிறார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. நான் உங்களை வைத்துத்தான் இங்கே மனிதனாக இருந்தேன்.

ஆணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கழற்றிவிடுங்கள்.

இங்கே பள்ளி இமாமிடம் யாரோ ஒருவருக்கு என்று சொல்லிக் கேட்டேன். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வாற்கோதுமைக் கஞ்சி கொடுக்கச் சொல்லி நபியின் ஹதீஸ் இருக்கிறது, தல்பீனா என்று பெயர் என்றார். ஊருக்கு வருகிறவரிடம் மூன்று கிலோ மாவு கொடுத்திருக்கிறேன். பாலும் தேனும் விட்டுக் காய்ச்சுங்கள்.

றஸாக்


கல்முனைக்குடி
17.3.1996

றஸாக்,

மாவு வந்து சேர்ந்தது. சொன்னபடி காய்ச்சினேன். முதல் நாள் அடிப்பிடித்தது, நஸ்லியா மூக்கைப் பொத்திக்கொண்டாள். இப்போது கைப்பழக்கம் வந்துவிட்டது. இரண்டு பேரும் காலையில் ஒரு கோப்பை குடிக்கிறோம். மனதுக்கு என்ன செய்கிறதோ தெரியாது, அதைக் காய்ச்சுவதற்காக எழும்ப வேண்டியிருக்கிறது. மருந்தில் பாதி அதுதான் போல.

டொக்டர் சொன்னபடி நடக்கிறேன். மாத்திரை ஒன்று தந்திருக்கிறா. அதோடு, காலை வெயிலில் அரை மணித்தியாலம், கடற்கரை வரை நடை, பகலில் படுக்கக்கூடாது, தனியே இருக்கக்கூடாது. இதெல்லாம் அஸ்கியிடம் படித்துக்கொண்டு வந்தீர்களா என்று கேட்க நினைத்தேன். துக்கமும் காரணமாக இருக்கலாம், வெளிச்சமில்லாததும் இருக்கலாம், பிறவியிலேயே சிலருக்கு உண்டாம். ஒன்றைப் பிடித்து இதுதான் என்று சொல்ல முடியாதாம். உம்மாவும் மாரியில் சமைக்காமல் கிடப்பா, வாப்பா மடைச்சி என்று ஏசுவார், உனக்கு ஞாபகம் இருக்காது.

யன்னல் பலகையை உம்முவின் புருஷன் வந்து கழற்றித் தந்தான். பிள்ளை நடக்கிறான், வலது காலை இழுத்துத்தான் நடக்கிறான். உம்மு வேலிக்கு அப்பால் நின்றாலும் என்னைப் பார்ப்பதில்லை. அவள் செய்வது சரி.

ஊதச் சொல்லி இப்போது ஒருவரும் வருவதில்லை. அல்லாஹ்வோடு விளையாடியவள் என்று சபியா உம்மா சொன்னாவாம். நஸ்லியாவை அவவிடம் ஓத அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டா. பிள்ளை பெருநாள் அன்று என்னிடம் ஒன்று கேட்டாள். "உம்மா, அடுத்த மழைக்கும் நீங்க படுத்திருவீங்களா?" படுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்று சொன்னேன். இனிப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒரு நேரத் தொழுகை தொடங்கியிருக்கிறேன். விடியற்காலைச் சுபஹு மட்டும். மற்ற நேரங்களுக்குக் கடனாளிதான்.

ராத்தா


தமாம்
5.5.1996

ராத்தா,

கடிதம் கிடைத்தது. சுகம். வெக்கை தொடங்கிவிட்டது, சாப்பாடு இறங்குவதில்லை. வெயில்தான் மருந்தென்றால் இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வருஷம் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிய வேண்டும். எழுதுவதற்கு ஒன்றுமில்லை. மகளுக்கு ஸலாம்.

றஸாக்


கல்முனைக்குடி
20.10.1996

றஸாக்,

உன்னிடமிருந்து ஐந்து மாதமாய் ஒரு வரி இல்லை. நான் போட்ட நான்கு கடிதமும் கிடைத்ததா என்றுகூடத் தெரியாது. கோபம் என்று நினைத்தேன். என்மேல் கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது என்றும் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

மழை தொடங்கி எட்டு நாளாகிறது. எனக்கும் தொடங்கிவிட்டது. காலையில் கண் விழித்தால் உடம்பு முழுக்க ஈர மணல் ஏற்றியதுபோல இருக்கிறது. ஆனாலும் எழும்புகிறேன். நஸ்லியா பள்ளிக்கூடம் போகுமுன் என்னைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டுத்தான் போகிறாள். ஒரு நாள் நிற்கிறேன், ஒரு நாள் அவள் போனதும் திரும்பப் படுத்துவிடுகிறேன்.

நேற்று அப்படிப் படுத்திருக்கும்போது சபியா உம்மா வந்தா. ஒன்பது மாதமாய் என் வாசலை மிதிக்காத மனுஷி. பொலித்தீன் பையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் வந்திருந்தா. எனக்கு எழும்ப முடியவில்லை. உட்காரும் பாவனையும் இனித் தேவையில்லை அல்லவா, அப்படியே கிடந்தேன். அவ கதவைச் சாத்தினா.

"ஊட்டுல யாரும் இரிக்காங்களா?"

"இல்ல."

"அந்த டொக்டர் உனக்கிட்ட எந்த மாசம் எண்டு கேட்டாவாம். மெய்யா?"

"ஓம்."

பிறகு என் பாய் ஓரத்தில் குந்தினா. "எனக்கு ஐப்பசியில தொடங்கும் புள்ள. இருவத்திரெண்டு வருஷம். அவருக்கும் தெரியா, புள்ளையளுக்கும் தெரியா. அல்லாஹ் மேல ஈமான் குறஞ்சி போச்சிதெண்டு நினச்சன். எனக்கு நானே வெட்கப்பட்டன்."

எப்படி மறைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"சத்தமா ஓதிக் குடுப்பன். சத்தமா ஓதினா உள்ளுக்க நடக்கிறது நமக்கே கேக்காது. நீ அறைக்குள்ள இருந்தத ஊரெல்லாம் சொன்னனே, அதுவும் அதுக்குத்தான். இவளும் என்னப் போலதான் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் அதுக்கு வேற பேர் வெச்சன்."

அவ அழுதா. எனக்கு அழுகை வரவில்லை, எனக்கு இந்த மாதங்களில் வருவதில்லை. கோபம்தான் வந்தது, றஸாக். தெரிந்த ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உம்முவின் மகன் ஓடித் திரிவான். பிறகு அந்தக் கோபமும் போய்விட்டது, நானும் அதைத்தானே செய்தேன். நாளைக்கு டொக்டரிடம் இரண்டு பேரும் போவதாகக் கதைத்திருக்கிறோம். கறுப்புக் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டுதான் வருவாவாம். வரட்டும்.

அவ போன பிறகு உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்து வாசித்தேன். முதல் கடிதத்தில் எவ்வளவு சத்தம். பெயர்கள், பறக்கத், ஊர், மதிப்பு, பதினொரு பேர். பிறகு வெள்ளிக்கிழமை படுத்தால் மறுநாள்தான் எழும்புகிறேன், களைப்பு என்று எழுதியிருக்கிறாய். பிறகு சாப்பாடு இறங்குவதில்லை. பிறகு எழுத ஒன்றுமில்லை. பிறகு கடிதமே இல்லை. உன் ஆணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேனே தவிர, இதை நான் கவனிக்கவில்லை.

என்னை யாராவது கேட்டிருக்க வேண்டியதை உன்னைக் கேட்கிறேன். உனக்கும் இருக்கிறதா, தம்பி? வெயில் இருந்தும் வருமா என்று யோசிக்காதே, வரும். ஊருக்கு என்ன சொல்வது என்றும் யோசிக்காதே. ஓம் என்றோ இல்லை என்றோ எழுதி அனுப்பு. இல்லை என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

ராத்தா


தமாம்
14.11.1996

ஓம் ராத்தா.

எனக்கும் இருக்கிறது. வேலைக்குப் போய்ப் பத்தொன்பது நாளாகிறது. கச்சிமுகம்மது காக்காவிடம் நேற்று எல்லாவற்றையும், உங்கள் துஆவின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஒரு கோப்பை கஞ்சி கொண்டுவந்து வைத்தார். ஊருக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போவதாகக் கொம்பனியில் கதைத்திருக்கிறார். கொம்பனி வாங்கி வைத்திருக்கிற பாஸ்போட் கையில் கிடைத்தால்தான் நிச்சயம்.

இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க ஒன்பது நாள் சென்றது. அதில் ஐந்து நாள், முதல் சொல்லுக்கு.

றஸாக்